வயிற்றுவலிக்காரர்கள்

ஜூலை 6

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

அம்மா நலம். அப்பாவும் நலம், முழங்காலைத் தவிர. ஐந்தாவது மாடியில் இருக்கும் அலுவலகத்துக்கு இன்னும் படியில்தான் ஏறுகிறார். லிஃப்ட் சோம்பேறிகளுக்காம். ஆனால் மகன் லிஃப்ட் மெக்கானிக் வேலை பழகப் போயிருக்கிறான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரிக்கிறார். உன் கட்டிலில் இப்போது துவைத்த துணி படுத்துத் தூங்குகிறது. அதுவும் நலமே.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. வீட்டில் இருப்பது அம்மாவின் ஒரே போன். நீ கூப்பிட்டால் அதை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவே வைத்துவிடுகிறாள். சுற்றிலும் நான், அப்பா, பக்கத்து வீட்டு அக்கா. நீ 'சாப்பிட்டேன்' என்று சொல்வதைக் கேட்க இவ்வளவு கூட்டம். ஆனால் ஒட்டிய உறையை அம்மா பிரிக்கமாட்டாள். அடுத்தவர் பெயருக்கு வந்ததைப் பிரிப்பது திருட்டு என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தானே, இப்போது வசமாக மாட்டிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். எனக்குத் தினமும் காலையில் வயிறு வலிக்கிறது. டாக்டர் ஒரு ரோஸ் நிற மருந்து கொடுத்திருக்கிறார், சோப்புத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. விடுமுறை நாளில் மட்டும் வலிப்பதில்லை. இந்தக் கடைசி வரியை டாக்டரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை.

நீ எப்படி இருக்கிறாய்? ஸ்பீக்கரில் சொல்கிற மாதிரி சொல்லாதே.

இப்படிக்கு,
சுண்டெலி


ஜூலை 19

அன்புள்ள சுண்டெலிக்கு,

நான் பரம சௌக்கியம். இங்கே அறை நன்றாக இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது, சீனியர் தங்கமான மனிதர். வேலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்றுகொண்டு இருபது மாடி போய் வருகிறோம். ராஜா பல்லக்கில்கூட உள்ளேதான் உட்கார்ந்தான், உன் அண்ணன் மேலேயே நிற்கிறான்.

உன் வயிற்றுவலிக்கு நான் சொல்வதைக் கேள். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதே. நிறையத் தண்ணீர் குடி. தோளை நிமிர்த்தி நட. நீ பயப்படுவது தெரிந்தால்தான் மற்றவர்கள் ஏறி மிதிப்பார்கள். பள்ளியில் யாராவது வம்பு செய்கிறார்களா? பெயரை மட்டும் எழுது, லீவு போட்டு வந்து பல்லைப் பேர்த்துவிடுகிறேன்.

இத்துடன் ஒரு நீலநிற ஹேர்க்ளிப் வைத்திருக்கிறேன். லிஃப்ட் ஓடும் கூண்டுக்கு அடியில் ஒரு குழி இருக்கும். கதவு இடுக்கு வழியாக ஜனங்கள் தவறவிடுவதெல்லாம் அதில்தான் வந்து விழும். சாவி, சீப்பு, ஒற்றைத் தோடு. கேட்பதற்கு யாரும் வருவதில்லை. இதைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், தைரியமாக வைத்துக்கொள்.

அப்பாவின் முழங்காலுக்கு என் விசாரிப்புகள்.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 2

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

எல்லோரும் நலம் என்று எழுதச் சொல்லி அம்மா சமையலறையிலிருந்து கத்துகிறாள். எழுதிவிட்டேன்.

க்ளிப் அழகாக இருக்கிறது. யாருடைய பல்லையும் பேர்க்க வேண்டாம். கணக்கு சார் ஒவ்வொரு வகுப்பிலும் யாரையாவது போர்டுக்குக் கூப்பிடுவார். ஜூன் மாதம் என்னைக் கூப்பிட்டார். தெரிந்த கணக்குத்தான். சாக்பீஸைப் பிடித்ததும் முதல் வரியே மறந்துவிட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள், அப்புறம் எல்லோரும். அவ்வளவுதான். எழுதிப் பார்த்தால் ஒன்றுமே இல்லாதது போல் இருக்கிறது. ஆனால் அன்று முதல் யூனிஃபார்மை மாட்டினாலே வயிற்றைப் பிசைகிறது.

பாதி நாள் பள்ளிக்கே போவதில்லை. போன நாளில் கணக்கு வகுப்புக்கு முன்னால் சிக் ரூமுக்குப் போய்விடுகிறேன். அங்கே என்னைப் போல இரண்டு பேர் நிரந்தரவாசிகள். தலைவலிக்காரன், கால்வலிக்காரி. இருப்பது இரண்டே கட்டில். அதனால் நானும் கால்வலிக்காரியும் ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுக்கிறோம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. கூரையில் ஒரு மின்விசிறி, ஈரக்கசிவு ஒன்று, அவ்வளவுதான் காட்சி. நர்ஸ் வெளியே போனதும் யாராவது ஒருவர் கூரையிடம் பேச ஆரம்பிப்பார். தலைவலிக்காரன் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்வதில்லையாம், இவன் மூலமாகத்தான் உப்புக்கூடக் கேட்பார்களாம். கால்வலிக்காரியை அவள் தோழிகள் கூட்டத்திலிருந்து கழற்றிவிட்டார்கள். யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை. 'ம்' என்போம். மணி அடித்தால் எழுந்து போவோம்.

தலைவலிக்காரன் ஒரு கேள்வி கேட்கச் சொன்னான். லிஃப்டுக்கு மேலே என்னதான் இருக்கும்?

சுண்டெலி


ஆகஸ்ட் 20

அன்புள்ள சுண்டெலிக்கு,

நான் அமோகமாக இருக்கிறேன். பதில் எழுதக் கொஞ்சம் தாமதம், வேலை அதிகம்.

உன் கணக்கு சார் விஷயத்தை அம்மாவிடம் சொல்லிவிடு. அம்மா கடித்தா விழுங்கிவிடுவாள்? மனதில் வைத்துப் புழுங்குவது கோழைத்தனம். நெஞ்சில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்க வேண்டும். என்னைப் பார்.

இங்கே குழி வேலை நிறைய. அடியில் இரண்டு பெரிய ஸ்பிரிங்குகள் இருக்கும், பெட்டி ஒருவேளை கீழே இறங்கிவிட்டால் தாங்குவதற்கு. அவற்றைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். அண்ணாந்து பார்த்தால் பெட்டியின் அடிப்பாகம் தெரியும், கருகருவென்று கிரீஸ் பூசிக்கொண்டு மெதுவாக இறங்கி வரும். தண்டவாளம் நேராக மேலே போய்ப் போய் ஊசி மாதிரி மெலிந்துவிடும். உச்சியில் ஒரு சின்ன வெளிச்சம். குழி ஈரமாக இருந்தாலும் குளுமை. போன வாரம் ஒரு பல்செட் கிடைத்தது. அதை உனக்கு அனுப்பவில்லை.

தலைவலிக்காரனுக்குச் சொல்: லிஃப்டுக்கு மேலே பிரமாதமாக இருக்கும். சிலுசிலுவென்று காற்று. இருபதாவது மாடியில் நின்றால் ஊரே தெரியும்.

உன் அண்ணன்


செப்டம்பர் 4

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

அப்பாவுக்கு முழங்காலில் தைலம், எனக்கு வயிற்றில் மருந்து. அம்மாவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் தூக்கமும் இல்லை.

மாட்டிக்கொண்டேன் அண்ணா. ரோஸ் மருந்து கேட்கவில்லை என்று பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். வாய் வழியாக வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்கவேண்டுமாம். இந்த மாதம் பதினைந்தாம் தேதி என்று நேரம் வாங்கிவிட்டாள் அம்மா. நுனியில் விளக்கு இருக்குமாம். உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கு சார் உட்கார்ந்திருப்பார்.

அதற்குள் நானே அம்மாவிடம் சொல்லிவிடுவேன். நிச்சயமாகச் சொல்வேன். எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்து 'என்னம்மா?' என்று கேட்டாலே 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடுகிறேன். ஒரு யோசனை வைத்திருக்கிறேன். நீ சொல்லிவிடாதே. சத்தியமாகச் சொல்லாதே.

சுண்டெலி


செப்டம்பர் 13

அன்புள்ள சுண்டெலிக்கு,

இந்தக் கடிதம் வருவதற்குள் உனக்கே எல்லாம் தெரிந்திருக்கும். நேற்று போன் செய்து அம்மாவிடம் சொல்லிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை. ஒன்றுமில்லாத வயிற்றுக்குள் குழாய் விடுவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? நீயாகச் சொல்லியிருக்கமாட்டாய், உன்னை எனக்குத் தெரியாதா?

கோபித்துக்கொள்ளாதே. இனி எல்லாம் சரியாகிவிடும்.

உன் அண்ணன்


அக்டோபர் 10

அன்புள்ள சுண்டெலிக்கு,

நலமாக இருக்கிறாயா? போனில் அம்மா 'இருக்கா, படிக்கிறா' என்கிறாள். பேசக் கூப்பிட்டால் குளிக்கிறாளாம். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் குளித்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்?

இங்கே மழை. குழியில் தண்ணீர் வந்துவிட்டது. நானே இறைத்தேன். 'நீதான்டா குழிக்கு ராஜா' என்றார் சீனியர்.

ஒரே ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் அண்ணன்


நவம்பர் 5

அண்ணனுக்கு,

உன் சௌக்கியத்தை விசாரிக்கப் போவதில்லை. நீ பொய்தான் சொல்வாய்.

நீ போன் செய்த அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை மாலை துணி மடிக்கும்போது சொல்வதாக இருந்தேன். அதுதான் என் யோசனை. துணி மடிக்கும்போது அம்மாவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் நிற்போம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கை பாட்டுக்கு வேலை செய்யும். முதல் வாக்கியம்கூடத் தயாராக வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை நீ போன் செய்தாய். ஸ்பீக்கரில். அப்பா இருந்தார், பக்கத்து வீட்டு அக்கா கிண்ணம் திருப்பிக் கொடுக்க வந்திருந்தாள்.

அம்மா அழுதாள். 'ஏன்டி எங்கிட்ட சொல்லல?' என்று கேட்டாள். நாளைக்குச் சொல்வதாக இருந்தேன் என்றால் யார் நம்புவார்கள்? குழாய் விடவில்லை. அந்த வரைக்கும் உனக்கு நன்றி.

திங்கட்கிழமை அப்பா பள்ளிக்கு வந்தார். கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்றபடி, 'எம் பொண்ண எதுக்கு சார் போர்டுக்குக் கூப்பிட்டு அவமானப்படுத்துறீங்க?' என்று சத்தம் போட்டார். எனக்காகத்தான் வந்தார், தெரியும். மேஜைக்கு அடியில் போய்விடலாமா என்றிருந்தது. அன்று முதல் சார் என்னைக் கூப்பிடுவதில்லை, என் பக்கம் பார்ப்பதுமில்லை. அவர் கண்ணுக்கு நான் உட்காரும் இடத்தில் நாற்காலி மட்டும் இருக்கிறது. நான் வகுப்புக்குள் நுழைந்தால், 'ஏய், அப்பா வர்றாரு' என்று ஒருவன் குரல் கொடுக்கிறான். முன்னே வயிறு மட்டும்தான் வலித்தது.

இனி உன் விஷயம்.

லிஃப்டுக்கு மேலே நின்றால் ஊரே தெரியும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துக் காட்டியதும் தலைவலிக்காரன், 'நாலு பக்கமும் சுவர்தானே, ஊர் எப்படித் தெரியும்?' என்றான். நான் அவனோடு சண்டை போட்டேன். பிறகு வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் மறுபடி படித்தேன். குழி, குழியில் கிடைத்த சீப்பு, குழியின் ஸ்பிரிங், பெட்டியின் அடிப்பாகம். எல்லாம் கீழே இருந்து பார்த்தது. மேலே போய்ப் பார்த்த மாதிரி ஒரு வரிகூட இல்லை. அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன், இந்த வீட்டில் நீ நாற்காலிமேல் ஏறிக்கூட நான் பார்த்ததில்லை. பல்பு மாற்ற, பரண் சாமான் எடுக்க, எதற்கும் நீ ஏற வேண்டியிருந்ததே இல்லை. அவ்வளவு உயரம். அதனால்தான் உனக்கு ஏறப் பயம் என்று யாருக்கும் தெரியவில்லை, உனக்கே தெரிந்திருக்காது.

உனக்குப் பத்தொன்பதுதான் ஆகிறது. கிழவனாட்டம் எனக்கு என்னென்ன புத்தி சொன்னாய். தோளை நிமிர்த்தாம், பட்டென்று போட்டு உடைக்கணுமாம்.

அம்மா அடுத்த அறையில்தான் இருக்கிறாள். போன் அவள் மடியில். எழுந்து போய்ச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது. சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது உன்னுடையது.

தங்கை


நவம்பர் 29

அன்புள்ள சுண்டெலிக்கு,

நான் நலமாக இல்லை.

இந்த வரியை எழுதிவிட்டு உறையில் போடாமலே பல நாள் வைத்திருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரே ஒரு முறை மேலே ஏறினேன். சீனியர் பொத்தானை அழுத்தினார், பெட்டி நகர்ந்தது. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அகல இடைவெளி. அதன் வழியாகக் கீழே பார்த்தேன். முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டன. கம்பியைப் பிடித்த கையை அவர்தான் விரல் விரலாகப் பிரித்தார். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சமாளித்தேன். அதன் பிறகு யாரும் இறங்க விரும்பாத குழிக்கு 'நான் போறேன் சார்' என்று முந்திக்கொள்வேன். சுறுசுறுப்பான பையன் என்று பெயர். மார்ச்சில் பயிற்சி முடிகிறது. அதற்குள் தனியாக மேலே நின்று வேலை செய்து காட்டவேண்டும். இல்லாவிட்டால் மூட்டை கட்டவேண்டியதுதான். அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், எந்த முகத்தோடு வருவேன்?

தினமும் காலையில் எனக்கும் வயிறு வலிக்கிறது. ஷூவுக்குக் கயிறு கட்டும்போது ஆரம்பிக்கும். உன் முதல் கடிதத்தைப் படித்தபோதே அது என்ன வலி என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தண்ணீர் குடி என்று எழுதினேன்.

சனிக்கிழமையைக் கெடுத்தது நான்தான். என்னை மன்னித்துவிடு.

அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு முதலில் பேசியது யார்? எப்படி ஆரம்பித்தார்கள்?

உன் அண்ணன்


டிசம்பர் 10

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

கடிதம் வந்தவுடன் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம், நீ இல்லை, தெரிந்துகொண்டேன்.

முதலில் பேசியது கால்வலிக்காரி. 'எனக்குக் கால் வலியே இல்ல' என்றாள். எங்களுக்கு அது முன்னமே தெரியும், இருந்தாலும் அவள் சொன்ன பிறகு சொல்வது சுலபமாக இருந்தது. எதிரே நின்று முகத்தைப் பார்த்துச் சொல்லாதே, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

என் கதையைக் கேள். சார் கண்ணுக்கு வெறும் நாற்காலியாக இருப்பது போர்டில் நிற்பதைவிட மோசம். கால்வலிக்காரியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போனேன். சார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நல்லவேளை, தலையைத் தூக்கவில்லை. 'சார், என்னைக் கூப்பிடுங்க. ஆனா முதல் நாளே சொல்லிட்டுக் கூப்பிடுங்க' என்றேன். 'உங்கப்பா வருவாராம்மா?' என்றார். 'வரமாட்டார் சார், நான் சொல்லிக்கிறேன்' என்றேன்.

வியாழக்கிழமை கூப்பிட்டார். முதல் நாள் ராத்திரி ஒழுங்காகத் தூங்கவில்லை. போனேன். சாக்பீஸ் ஒடிந்தது. மூன்றாவது வரியில் தப்பு செய்தேன். சிரித்தார்கள். நான் அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். அதுவும் தப்பு. சார் அடுத்தவனைக் கூப்பிட்டார். நான் போய் உட்கார்ந்தேன். வயிறு வலித்துக்கொண்டுதான் இருந்தது, அடுத்த பீரியடில் மறந்துபோயிற்று.

அப்பாவிடம், 'இனிமே பள்ளிக்கூடத்துக்கு வரணும்னா எங்கிட்ட கேட்டுட்டு வாங்கப்பா' என்று சொல்லிவிட்டேன். துணி மடிக்கும்போதுதான். அவருக்கு மடிக்கத் தெரியவில்லை, இருந்தாலும் பக்கத்தில் நிற்க வைத்தேன்.

சுண்டெலி


ஜனவரி 8

அன்புள்ள சுண்டெலிக்கு,

வயிறு முன்னைப்போல் இல்லை, வலி பாதி நாள்தான். எனக்கும் சனிக்கிழமைதான் கிடைத்தது. அன்று மின்சாரத்தை நிறுத்திவிட்டு நானும் சீனியரும் குழிக்குள் இறங்கினோம். பெட்டியின் அடிப்பாகத்தில் ஒரு போல்ட் முடுக்க வேண்டும். இரண்டு பேரும் மல்லாக்கப் படுத்திருந்தோம், முகத்துக்கு நேரே இரும்பு. உன் கட்டில் ஞாபகம் வந்தது. 'சார், எனக்கு மேல ஏறப் பயம்' என்று இரும்பிடம் சொன்னேன். ஸ்பானர் சத்தம் நின்றது.

'அட, உனக்குக் குழிதான் புடிக்கும்னுல்ல நெனச்சேன்' என்றார். 'கம்பெனியில வேற எவனும் எறங்கமாட்டான். நானும் சந்தோஷமா விட்டுட்டேன்.' அவ்வளவுதான். மறுபடி முடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் எதிர்பார்த்தது பெரிய பூகம்பம். என் தலையில் கொஞ்சம் தூசிதான் விழுந்தது.

திங்கட்கிழமையிலிருந்து வேலை தொடங்கும் முன் ஒரு மாடி ஏற்றுகிறார். இடுப்பு பெல்ட்டைக் கம்பியில் மாட்டிக்கொண்டு, பெட்டியை ஆமை வேகத்தில் நகர்த்தி. நேற்று மூன்றாவது மாடி. கால் இன்னும் பூட்டிக்கொள்கிறது. பூட்டு திறக்கும்வரை அவர் காத்திருக்கிறார், பீடா மென்றுகொண்டு. மார்ச்சுக்குள் இருபது வருமா என்று தெரியாது. வராவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரியாது.

தலைவலிக்காரனுக்கு ஒரு பதில் பாக்கி. லிஃப்டுக்கு மேலே ஒரு மங்கல் பல்பு இருக்கிறது. நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான், ஏற ஒன்று, இறங்க ஒன்று. பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. மற்றபடி தூசி. ஊர் தெரியாது.

பிறகு நேற்றே வீட்டுக்கும் போன் செய்தேன். நீ பள்ளியிலிருந்து வந்துவிட்ட நேரமாகப் பார்த்துத்தான் செய்தேன். ஸ்பீக்கரில்தான் இருக்கும் என்று தெரிந்தே, என் பயத்தையும் மூன்று மாடி ஏறியதையும் சொன்னேன். அம்மா, 'ஐயோ' என்றாள். அப்பாவின் குரலே வரவில்லை. எனக்குத் தாங்கவில்லை, வைத்துவிட்டேன். அப்பா என்ன சொன்னார்? ஒளிக்காமல் எழுது.

ஒட்டகம்


ஜனவரி 14

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

உனக்கு என்ன அவ்வளவு அவசரம்? இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் நீயே கேட்டிருப்பாய்.

நீ வைத்த பிறகும் அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா, 'பாவம்ங்க, திட்டாதீங்க' என்று இரண்டு தடவை சொன்னாள். அவர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்கும் இருந்தாள், நானே வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அதற்குள் அம்மா துணிக்கூடையைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். மூன்று பேரும் நின்று மடித்தோம். அப்பா உன்னுடைய பழைய சட்டை ஒன்றை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

'மூணு மாடி ஏறிட்டானா?' என்று கேட்டார்.

'ஏறிட்டாம்ப்பா.'

'மேல நின்னுக்கிட்டா?'

'மேல நின்னுதான்.'

அப்பா சட்டையை அடுக்கில் வைத்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு, 'எனக்கு உள்ள நிக்கவே பயம்' என்றார்.

அம்மாவின் கையில் இருந்த துண்டு அப்படியே நின்றது. 'லிஃப்டுக்குள்ளதான்' என்றார் அப்பா. 'கதவு மூடினதும் மூச்சு முட்டும். வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து படிதான்.'

'இத்தன வருஷமா நான் தைலம் தேச்சேனே!' என்றாள் அம்மா. கோபமாகத்தான் ஆரம்பித்தாள், முடிக்கும்போது அழுதுவிட்டாள். நானும் அழுதேன். அப்பா மட்டும் துணி மடித்தார். இப்போது கொஞ்சம் நன்றாகவே மடிக்கிறார்.

படுக்கப் போகும்போது என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: 'அண்ணன் லீவுல வந்தா, ஒரு நாள் எங்கூட ஆபீசுக்கு வருவானான்னு கேளு. ஒரு மாடி போனாப் போதும்.'

எந்தத் தேதியில் வருகிறாய் என்று எழுது. உன் கட்டிலைக் காலி செய்துவிட்டோம்.

இப்படிக்கு,
சுண்டெலி